நான் எழுதி வைத்த இரண்டாவது கணக்கு

சபையில் மூன்று வருடம் நான் கணக்கு எழுதினேன். எனக்குப் பிடித்த வேலை அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கையை எண்ணி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டில் பதிந்து, மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பேன். வரவும் செலவும் நேராக வந்து நிற்கும்போது கிடைக்கும் திருப்தி கணக்கு எழுதியவர்களுக்குத்தான் தெரியும்.

வருடக் கணக்கை வாசித்த கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். என்னைவிட மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். "எங்கயோ இடிக்குதே தம்பி. நல்லாப் பார்த்தீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவ்வளவுதான். திருடிவிட்டாய் என்று அவர் சொல்லவில்லை. என் காதில்தான் அப்படி விழுந்தது. "பார்த்துட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். கை நடுங்கியது. அடுத்த மாதமே பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேலை அதிகம் என்று காரணம் சொன்னேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம். ஒரே சபை, திருவிருந்தில் ஒரே அப்பம், ஒரே பாத்திரம். அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம். வாசலில் எதிரே வந்துவிட்டால் ஒரு "ஸ்தோத்திரம்", அதுவும் அவர் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு. யாராவது கேட்டால், "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், அவர்கூட எனக்கு ஒண்ணும் இல்லை" என்பேன். விசுவாசிகள் நடுவில் அதிகமாகப் புழங்கும் பொய் இந்த "ஒண்ணும் இல்லை"தான் என்பது என் எண்ணம்.

உண்மையில் நான் கணக்கு எழுதுவதை நிறுத்தவே இல்லை. நோட்டுதான் மாறியிருந்தது. அந்தக் கூட்டத்தில் யார் சிரித்தார், யார் தலையைக் குனிந்துகொண்டார், பிறகு அவர் எந்தெந்த ஜெபத்தில் என்னைக் குத்திப் பேசினார் (குத்தினார் என்று நானாக எடுத்துக்கொண்டது), எல்லாம் தேதிவாரியாக மனதுக்குள் இருந்தது.

அன்பைப் பற்றிய வேத அதிகாரமான 1 கொரிந்தியர் 13-ஐத் திருமண ஆராதனைகளில் வாசித்து வாசித்து அதை ஒரு வாழ்த்து மடல் மாதிரி ஆக்கிவிட்டோம். கொரிந்து சபைக்குப் பவுல் அதை எழுதியபோது மணமக்கள் யாரும் எதிரே இல்லை. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டிக்கொண்டிருந்த சபை அது. சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்ட சபை. கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்த இடத்திலேயே ஒருவன் பசியோடும் ஒருவன் வெறியோடும் இருந்த சபை. அந்தச் சண்டைக்காரர்களுக்கு எழுதிய அதிகாரத்தில், "தீங்கு நினையாது" என்று இரண்டு வார்த்தை வருகிறது. அடுத்தவனுக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது என்றுதான் தமிழில் புரிந்துகொள்கிறோம். கிரேக்கத்தில் "நினையாது" என்ற இடத்தில் இருப்பது கணக்கில் ஏற்றுவதற்கு வழங்கிய சொல். தனக்கு நடந்த தீங்கை அன்பு பேரேட்டில் ஏற்றி வைக்காது என்றும் அதைச் சொல்லலாம். ஒரு வேதபாட வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடம், இதை அந்த அண்ணன் அல்லவா கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இயேசுவும் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது பல இடங்களில் கடனையும் கணக்கையும்தான் எடுக்கிறார். மத்தேயுவில் கர்த்தருடைய ஜெபம் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று கேட்கிறது. 18-ஆம் அதிகாரத்தில் பேதுரு வந்து, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்கிறார். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு நோட்டு இருக்கிறது பாருங்கள். "ஏழெழுபதுதரமட்டும்" என்று பதில் வருகிறது. 490 என்று பெருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு, சில மொழிபெயர்ப்புகளில் 77 என்று இருக்கும். எனக்கு அதைவிட ஆதியாகமம் 4-தான் ஞாபகத்துக்கு வருகிறது. காயீனுக்காக ஏழு பழி என்றால் லாமேக்குக்காக எழுபத்தேழு பழி என்று காயீன் வம்சத்து லாமேக்கு தன் மனைவிகளிடம் பெருமையடித்தான். பழிக்கு அவன் போட்ட கணக்கை இயேசு மன்னிப்புக்குத் திருப்பிப் போட்டுவிட்டார்.

உடனே கதை. ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன். அவனிடம் உடன்வேலைக்காரன் ஒருவன் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவன். பிரசங்கத்தில் "பெரிய கடன், சின்னக் கடன்" என்று தாண்டிப் போய்விடுவார்கள். கணக்கு எழுதியவனுக்கு அப்படிப் போக மனம் வராது. அந்த வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து எஜமான் பேசிக்கொண்ட கூலி அதுதான். ஒரு தாலந்து சுமார் 6000 வெள்ளிப்பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க இரண்டு லட்சம் வருடம் ஆகும். "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் கெஞ்சுவதில் உள்ள வேடிக்கை அப்போதுதான் தெரியும். ராஜாவோ இரங்கி, அவ்வளவு கடனையும் மன்னித்து அவனை அனுப்பிவிட்டார்.

இன்னொரு பக்கம், நூறு வெள்ளிப்பணமும் அற்பத் தொகை இல்லை. நூறு நாள் உழைப்பு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. மூன்று மாதச் சம்பளத்தை ஒருவன் வைத்துக்கொண்டு இழுத்தடித்தால் யாருக்குத்தான் வலிக்காது? அந்த வலி நிஜம். பெரிய கடன் மன்னிக்கப்பட்டவனுக்குத் தப்பிப்போனது வேறொன்று: எந்த வாசலிலிருந்து வெளியே வந்தோம் என்பது. வந்த சூட்டோடு அடுத்தவன் தொண்டையைப் பிடித்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பீரோவை ஒழுங்குபடுத்தியபோது அந்த வருடக் கணக்கின் நகல்கள் கையில் அகப்பட்டன. சும்மா புரட்டினேன். ஒரு நன்கொடை இரண்டு இடத்தில் வரவாக ஏறியிருந்தது. ரசீது போட்ட தேதியில் ஒரு தடவை, வங்கியில் கட்டிய தேதியில் இன்னொரு தடவை. கடைசியில் கையிருப்பு குறைந்ததும், "இதரச் செலவு" என்று ஒரு வரி போட்டு நேராக்கியிருக்கிறேன். பணம் எங்கும் போகவில்லை. சோம்பல்தான். இல்லை, சோம்பல் என்று சொன்னால் அதுவும் மழுப்பல். என் கணக்கு தப்பாகாது என்கிற திமிர்.

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. இடித்திருக்கிறது. இரண்டு வருடமாக நான் மன்னிக்க முடியாமல் தவித்தது, என்னிடம் சரியாகக் கேட்ட ஒரு மனிதரை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். தாழ்மை, மன்னிப்பு, அன்பு மூன்றையும் நாம் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறோம். முதலில் அன்பு, ஓய்வுநாள் பாடசாலையிலேயே மனப்பாட வசனமாக. மன்னிப்பு, யாராவது சண்டை போட்ட பிறகு. தாழ்மை கடைசியில், ஊழியத்துக்கு வருகிறவர்கள் போட்டுக்கொள்ளும் நகை மாதிரி. நடைமுறையில் தாழ்மை வராமல் மற்ற இரண்டும் வருவதில்லை. தாழ்மை இல்லாமலும் மன்னிக்கலாம், அதை நான் இரண்டு வருடம் செய்தேன். மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவனுக்குப் போடும் பிச்சை அது. வாங்க ஆள் வரவில்லை என்றால் கோபம் வேறு வரும்.

அந்தத் தாழ்மையும் ஜெபித்துக் கேட்டதால் எனக்கு வரவில்லை. அதைக் கேட்கும்போதே, தாழ்மைக்காக ஜெபிக்கிற ஆள் என்று உள்ளுக்குள் ஒரு மார்க் போட்டுக்கொள்கிறோம். சாட்சி சொல்லும்போது மைக்கில் "நான் ஒன்றுக்கும் உதவாத பாவி" என்கிறோம். அதே வார்த்தையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நம்மைப் பார்த்துச் சொன்னால் சபை இரண்டாகிவிடும். எனக்கு அது வந்தது, தப்பு செய்தவன் நான்தான் என்று என் கையெழுத்திலேயே பார்த்தபோது.

பிலிப்பியர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்று கிறிஸ்துவைப் பற்றி வருகிற பகுதி. பிலிப்பி ரோமரின் குடியேற்ற நகரம், அந்தஸ்துக்குப் பெரிய மதிப்பு இருந்த இடம். தாழ்மை என்ற சொல்லே அந்த உலகத்தில் பெரும்பாலும் இழிவைக் குறித்தது. அப்படிப்பட்ட ஊருக்கு இதை எழுதிவிட்டு, இரண்டு அதிகாரம் தள்ளி எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறார் பவுல். சுவிசேஷ வேலையில் அவரோடு பாடுபட்டவர்கள், இப்போது ஒத்துப்போகவில்லை. "எயோதியாளுக்குப் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்" என்று ஆளுக்கு ஒன்றாக இரண்டு தடவை சொல்கிறார். எதற்குச் சண்டை என்று சொல்லவே இல்லை. யார் பக்கம் நியாயம் என்பது ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக யாருக்கும் தெரியாது, சண்டை போட்டார்கள் என்பது மட்டும் தெரியும். எனக்கு அதில் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

இயேசு சீஷர்களின் கால் கழுவிய இரவைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை, அதனால் ஒன்று மட்டும். யோவான் 13-ன்படி, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வெளியே போனது கால் கழுவி முடிந்த பிறகு. அவன் காலும் கழுவப்பட்டிருக்கிறது, அவன் யார் என்று தெரிந்தே. ஆனால் தடுத்தது யார் என்று பாருங்கள், பேதுரு. நல்ல சீஷனுக்குத்தான் காலை நீட்டுவது கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பேதுருவின் பெயரில் உள்ள கடிதம் பிறகு "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்கிறது. மூலத்தில் அந்தச் சொல், வேலைக்காரன் இடுப்பில் துணியை முடிந்துகொள்வதைப் போன்றது. சீலையை அரையில் கட்டிக்கொண்டு தன் காலடியில் குனிந்தவரை எப்படி மறக்க முடியும்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். என் கதையில் தப்பு என் பக்கம் இருந்தது, எல்லார் கதையும் அப்படி இல்லை. அடிக்கிற கணவனிடம் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பவும், பணத்தில் கை வைத்தவரைக் காப்பாற்றவும் மன்னிப்பு வசனங்களைக் கையில் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபம்தான் வருகிறது. லூக்கா 17:3-ல் "மன்னிப்பாயாக" என்பதற்கு முன்னால் "அவனைக் கடிந்துகொள்" என்று இருக்கிறது, நடுவில் "அவன் மனஸ்தாபப்பட்டால்" என்றும் இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயதும் ஆறு வயதும். கொன்றவர்களை மன்னிப்பதாக மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார், அதற்கப்புறமும் சில வருடங்கள் அங்கேயே இருந்து தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கு தன் பாட்டுக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை, வழக்கு நடந்ததால் மன்னிப்பு பொய்யாகவும் இல்லை.

என் விஷயத்தில் என்னைப் பிடித்தது மத்தேயு 5. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது. எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்றே இத்தனை வருடமும் வாசித்திருக்கிறேன். காணிக்கை எண்ணிய ஆள் வேறு! இதை இயேசு சொன்னது கலிலேயாவில் இருந்தவர்களிடம். பலிபீடம் எருசலேமில். ஏறக்குறைய மூன்று நாள் நடை. காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பி நடந்து, ஆளைப் பார்த்துப் பேசி, மறுபடி நடந்து வர வேண்டும். அதுவரை அந்த ஆட்டுக்குட்டியை யார் பார்த்துக்கொள்வது? எனக்கு இருந்தது சபை வாசலிலிருந்து அவர் வண்டி நிற்கும் இடம்வரை உள்ள தூரம். அதைக் கடக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

நகலை நீட்டினேன். "நீங்க அன்னைக்குக் கேட்டது சரிதான் அண்ணே. ரெண்டு தடவை ஏத்திட்டேன்." அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். கட்டிப்பிடிப்பார், கண் கலங்குவார் என்று உள்ளுக்குள் ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன் போல. "ஆமா, இதேதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் தனியாக் கேட்டிருக்கலாம்" என்றார். அப்புறம், "கமிட்டியிலயும் சொல்லிருங்க தம்பி, திருத்திப் போடணும்ல" என்றார்.

சொன்னேன். அவரிடம் சொன்னதைவிட அது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது.

நாங்கள் இப்போது நெருங்கிய நண்பர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் பேச்சு இன்னமும் வெடுக்கென்றுதான் இருக்கும். முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்கிறேன், அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது போய் உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் கணக்கு மறுபடி என் கையில் வந்திருக்கிறது. போன மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து, ஒரு செலவைக் காட்டி, "இது எப்படி வந்துச்சு?" என்றார். காது சூடானது. நோட்டை எடுத்து, வவுச்சரை எடுத்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். இந்த முறை சரியாக இருந்தது. அதைச் சொல்லும்போது தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.