மனக்குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாதிதான்

'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' என்ற பேட்மேன் காமிக்ஸ் புத்தகத்தை இரண்டு பாகங்களாக அனிமேஷன் படமாக எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் புத்தகத்துக்கு முழு விசுவாசமாக இருக்கிறது என்று, அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் சொல்கிறார். கதைச் சம்பவங்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் 1986இல் ஃபிராங்க் மில்லர் எழுதிய புத்தகத்தின் உயிர், பேட்மேனான புரூஸ் வெய்னின் மனக்குரலில்தான் இருக்கிறது. 55 வயதில் மறுபடி முகமூடி போடுபவனின் வலியும் வெறியும், இளமை திரும்பிவிட்ட பரவசமும் அதில்தான் தெரியும். இயக்குநர் ஜே ஒலிவா அதை எடுத்துவிட்டார். புரூஸுக்கு நடிகர் பீட்டர் வெல்லர் குரல் கொடுத்தும், சண்டைகளில் நமக்குத் தெரிவது ஒரு முரட்டுக் கிழவர் மட்டும்தான்.

அப்புறம், சிறுவன் புரூஸின் கண்முன் பெற்றோர் சுட்டுக் கொல்லப்படும் அந்த முத்துமாலைக் காட்சி. புத்தகத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக, வசனமே இல்லாமல், தாயின் கழுத்து மாலை அறுந்து முத்துகள் சிதறும். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் கையில் இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் நிற்பேன். திரையில் அந்த நேரத்தைப் படமே முடிவு செய்துவிடுகிறது.

2013இல் வந்த இரண்டாம் பாகம் எனக்கு நிஜமாகவே பிடித்தது. மைக்கேல் எமர்சன் குரல் கொடுத்த வில்லன் ஜோக்கர் கத்துவதே இல்லை, அமைதியாகப் பேசியே நடுங்க வைக்கிறார். கிறிஸ்டோபர் டிரேக்கின் இசையைக் கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லாதது வருத்தம். புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.