தேறிய பாடத்தை மறுபடி எழுது என்கிறார்கள்

அப்பாவுக்கு மதுரையிலிருந்து கோவைக்கு மாற்றல். பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டை அங்கே தொடர நினைத்தேன். மூன்று வாரமாக அலைகிறேன். சேர்க்கைக் கடிதம் இருந்தால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவோம் என்கிறது பழைய கல்லூரி. புதிய கல்லூரியோ மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்க மறுக்கிறது. தடையில்லாச் சான்று வேண்டும், பல்கலைக்கழகம் வேறு என்பதால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். பாடத்திட்டத்தின் 64 பக்கங்களிலும் முதல்வரின் முத்திரை வேண்டும். முதல்வர் விடுப்பில் இருக்கிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் தேறிய நுண்கணிதத்துக்கு மதுரையில் 4 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி), கோவையில் 5. அதனால் மறுபடி எழுது என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இரவெல்லாம் விழித்துப் படித்த பாடம் அது! ஒரு கல்லூரியில் சேர்த்த கிரெடிட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகத்தான் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கிரெடிட் வங்கிக்கு விதிமுறைகள் வெளியிட்டது. என் கணக்கைத் திறந்து காட்டினேன். அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. முத்திரைக்காக நாளை முதல் பஸ்ஸில் மறுபடியும் மதுரைக்குப் போகிறேன்.