காசு என்னுடையது, போன் என்னுடையது, அனுமதி மட்டும் யாருடையது?

நேற்று ராத்திரி எட்டரை மணிக்குப் பெட்ரோல் பங்கில் பத்துப் பேர் முன்னால் மானம் போய் வந்திருக்கிறேன். எழுதித் தீர்க்காமல் தூக்கம் வராது.

அந்தச் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது. செயலி மூடப்படுகிறது." கீழே ஒரே ஒரு பொத்தான்: 'சரி'. எதற்கு சரி? இல்லை என்று சொல்ல ஒரு பொத்தான் வைத்தார்களா?

வண்டிக்கு 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாயிற்று. பம்ப் பையன் குழாயை மாட்டிவிட்டு கியூஆர் அட்டையை நீட்டினான். பேங்க் ஆப்பைத் திறந்தேன். காலையில் டீக்கடையில் 15 ரூபாய் கொடுத்தது இதே ஆப்பில்தான். மதியம் அப்டேட் ஆகியிருக்கிறது போல. லோகோ வந்தது, சுற்றியது, அந்தச் செய்தி வந்தது, மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. சிக்னல்தான் பிரச்சினையோ என்று ரோட்டோரம் வரை நடந்துபோய் கையைத் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் ரீஸ்டார்ட் செய்தேன். என் போன் எழும்போது பூட்லோடர் (போனை எழுப்பும் முதல் மென்பொருள்; வேறு இயங்குதளம் போட அதன் பூட்டைத் திறக்க வேண்டும்) திறந்திருக்கிறது என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்து சில விநாடி நிற்கும். அந்தச் சில விநாடிக்குள் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"அண்ணா, கேஷ் இருக்குதுங்களா?"

பர்ஸில் 70 ரூபாய். போட்ட பெட்ரோலை உறிஞ்சியா திருப்பிக் கொடுக்க முடியும்? பையன் வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. கணக்கு குறைந்தால் அவன் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். கியூஆர் அட்டையைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"எதை அமுக்கணும் கண்ணு?"

"கேலரின்னு இருக்கும் பாரும்மா."

"படம் படமா வருது. உன் கல்யாண போட்டோ வருது."

கண்ணாடியைத் தேடி, ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டு, மறுபடி போட்டு, ஏழு நிமிடம். கடைசியில் பங்க்கில் இருந்த பெட்டி "500 ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தியபோதுதான் சாவி கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் போனை வாங்கி செட்டிங்ஸைத் திறந்தேன். கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது 2021 மார்ச். அதற்கப்புறம் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு ஓட்டைகள் பெரும்பாலும் அதில் அடைபடவில்லை. டார்ச் ஆப் ஒன்று தொடர்பு எண்களை எல்லாம் படிக்க அனுமதி வாங்கி வைத்திருக்கிறது. டார்ச்சுக்கு எதற்கு என் மாமா நம்பர்? அந்தப் போன்தான் பாதுகாப்பானதாம். என் போனில் போன மாதத் திருத்தம் இருக்கிறது. போன் கம்பெனி இரண்டு வருடத்தில் அப்டேட்டை நிறுத்திக் கைவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து லினேஜ்ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்டு வகையைப் போட்டேன். தூக்கிப் போட வேண்டிய போனுக்கு உயிர் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த பட்டம் 'பாதுகாப்பற்றது'.

இது ஏதோ ஆப்பில் இருக்கும் கோளாறு இல்லை, திட்டம் போட்டுச் செய்வது. போனின் சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே ஒரு ரகசியச் சாவியை வைத்து அனுப்புகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நான் அதைப் பார்க்க முடியாது, மாற்ற முடியாது. வெளியிலிருந்து யாராவது கேட்டால், பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, உள்ளே ஓடுவது யார் கையெழுத்திட்ட மென்பொருள் என்று அந்தச் சாவியால் ஒப்பமிட்டு ஒரு சான்று போகும். போனின் நிலைக்கு நிறத்தால் பெயர்: பச்சை என்றால் கம்பெனி கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறது. மஞ்சள் என்றால் சொந்தக்காரர் தன் சாவியால் பூட்டியிருக்கிறார். ஆரஞ்சு என்றால் திறந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் மஞ்சளுக்குத்தான் மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் கூகுளின் பிக்சல் போனில், பாதுகாப்புக்கென்றே செய்த கிராஃபீன்ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வகையைப் போட்டு முறையாகப் பூட்டி வைத்திருப்பவர்களையும் பல பேங்க் ஆப்கள் விரட்டுகின்றன. இத்தனைக்கும் தங்கள் சாவியைச் சரிபார்ப்பது எப்படி என்று ஆப் செய்பவர்களுக்காக கிராஃபீன்ஓஎஸ் திட்டக்காரர்கள் கையேடே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இன்னொன்று. ஆண்ட்ராய்டின் அந்த வன்பொருள் சான்றிலேயே, பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதத்தது என்ற விவரமும் இருக்கிறது. உண்மையாகவே பாதுகாப்புதான் அக்கறை என்றால் அதை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? பார்த்திருந்தால் அம்மா போன் வெளியே, என் போன் உள்ளே. இவர்கள் பார்ப்பது போன் பத்திரமாக இருக்கிறதா என்று இல்லை. கம்பெனிக்கு அடங்கி இருக்கிறதா என்று.

இதை அன்றைக்கே சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1999-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், எச்பி, காம்பாக் சேர்ந்து கணினிக்குள் ஓடும் மென்பொருளைச் சிப் வைத்துச் சரிபார்க்கும் 'நம்பகக் கணிமை'க்கு ஒரு கூட்டணி தொடங்கின. 2002-ல் மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸில் கொண்டுவரும் 'பல்லாடியம்' திட்டத்தை அறிவித்தது. அப்போதே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராஸ் ஆண்டர்சன், இந்த நம்பிக்கை யாருக்காக, கணினியின் சொந்தக்காரருக்காகவா என்று விலாவாரியாகக் கேட்டார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்கு வைத்த பெயர் துரோகக் கணிமை. எனக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைக்கவில்லை. 2003-ல் இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் சேத் ஷோன் ஒரு நல்ல வழியே சொன்னார்: சிப் இருக்கட்டும், சாவி இருக்கட்டும், ஆனால் வெளியே என்ன சான்று போக வேண்டும் என்ற கடைசி முடிவு இயந்திரத்தின் சொந்தக்காரர் கையில் இருக்கட்டும். கம்பெனிகள் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஒரு பொத்தானை மட்டும் கொடுத்திருந்தால் நேற்று நான் அங்கே நின்றிருக்க மாட்டேன்.

பல்லாடியம் எதிர்ப்பில் ஓய்ந்தது. கணினியில் சண்டை போட்டு நிறுத்தியதைப் போன் வழியாக, யாருமே ஒரு வார்த்தை கேட்காத நேரத்தில், உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். கணினியையும் விடவில்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற, சாவிகளைப் பூட்டி வைக்கும் சிப் கட்டாயம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளுக்கெல்லாம் ஒரே நாளில் வயதாகிவிட்டது.

சிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடு போன லேப்டாப்பில் இருக்கும் கோப்பைத் திருடன் படிக்க முடியாமல் செய்வது இதே சிப்தான். நல்ல வேலை, கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். பூட்டு வேண்டும். என் வீட்டுப் பூட்டின் சாவி எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சாவிகளை இவர்களாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? 2024-ல் பைனார்லி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டதைப் படித்துப் பாருங்கள். கணினி எழும்போது கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஓடவிடும் 'செக்யூர் பூட்' என்ற வசதிக்கு ஆதாரமான சோதனைச் சாவி ஒன்று, பெயரிலேயே 'டூ நாட் டிரஸ்ட்' என்று எழுதியிருக்கிறது. நம்பாதே என்று பெயர் வைத்த சாவியை அப்படியே விட்டு 200-க்கும் மேற்பட்ட கணினி மாடல்களைச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். அதன் ரகசியப் பாதியும் வெளியே கசிந்து கிடந்தது. அதையெல்லாம் நம்பலாம், வாங்கியவனை நம்பக்கூடாது!

இன்று காலை கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். 22 நிமிடம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் எடுத்தார்.

"உங்க சேஃப்டிக்காகத்தான் சார். புது மொபைல் மாத்திட்டீங்கன்னா ஒர்க் ஆகும்."

"இந்த போன் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"ஆமாங்க சார், ஆனா சிஸ்டம் அக்செப்ட் பண்ணலைங்க."

அந்தப் பெண்ணைத் திட்டி என்ன ஆகப்போகிறது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். போனை வைத்துவிட்டு அதே பேங்கின் இணையதளத்தை அதே போனின் பிரவுசரில் திறந்தேன். திறந்தது! பாஸ்வேர்ட் போட்டேன், ஓடிபி வந்தது. எங்கே வந்தது? இந்தப் பாதுகாப்பற்ற போனுக்குத்தான். 20,000 ரூபாய் அம்மா கணக்குக்கு அனுப்பினேன், ஒரு கேள்வி இல்லாமல் போய்ச் சேர்ந்தது. 500 ரூபாய் பெட்ரோலுக்குத்தான் நான் ஆபத்தானவன்.

உங்கள் வீட்டில், தெருவில், பணத்தைப் பறிகொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். போலீஸ் பேசுகிறேன், பார்சலில் போதைப்பொருள் வந்திருக்கிறது என்று மிரட்டி வாங்குகிறான். கேஒய்சி முடியப்போகிறது என்று சொல்லி ஓடிபி கேட்கிறான். எங்கள் தெருவில் அப்படி 80,000 இழந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார். அவர் போன் கம்பெனி கொடுத்தபடி பச்சையாகப் பூட்டித்தான் இருந்தது. அவரை எந்தச் சிப் காப்பாற்றியது? அவர் அழுதுகொண்டு போய் நின்றபோது, ஓடிபியை நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கையை விரித்தது பேங்க்.

இன்றைக்கு மறுபடி அதே பங்க்குக்குப் போனேன், கையில் ரொக்கத்தோடு. பையன் அடையாளம் கண்டு, "போன் சரியாயிடுச்சுங்களாண்ணா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். பேங்கில் ஒருத்தர் இப்படிக் கேட்கவில்லை. பின் டயரில் காற்று குறைவாக இருந்தது, அடித்துக்கொண்டு போகலாம் என்று ஓரமாக நிறுத்தினேன். காற்று மெஷினைச் சாக்குப்பையால் மூடிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னாலிருந்து அப்படித்தான் கிடக்கிறதாம். மேலே 'காற்று இலவசம்' என்று ஆளுயர போர்டு, அதற்கு நாலு பக்கமும் லைட். லைட் போடக் காசு இருக்கிறது, அந்த மெஷினை ரிப்பேர் பார்க்க இல்லையா? இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.