எட்டு நிமிடத் தீவு

(மாலத்தீவில் ஒரு விடுதித் தீவு. வந்து மூன்றாம் நாள் காலை. அறை வாசலில் வனஜா ஈரத்துணியை உதறிக்கொண்டிருக்கிறாள். சேகர் வருகிறார்.)

வனஜா: என்னங்க, தீவைச் சுத்திப் பார்த்துட்டு வரேன்னு இப்பதானே கிளம்பினீங்க? எதை மறந்துட்டுத் திரும்பி வரீங்க?

சேகர்: எதையும் மறக்கல. சுத்தி முடிச்சுட்டேன்.

வனஜா: எட்டு நிமிஷத்துலயா!

சேகர்: அதுலயும் நடுவுல செருப்பு வாரைச் சரிபண்ண ஒரு தடவை நின்னேன்.

வனஜா: அப்ப ராத்திரி வரைக்கும் என்ன பண்ணப் போறீங்க?

சேகர்: ஓய்வு எடுக்கப் போறேன். அதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்.

வனஜா: நேத்தும் இதையேதான் சொன்னீங்க. கால் மணி நேரம் ஓய்வு எடுத்தீங்க. அப்புறம் குளியலறைக் குழாய் சொட்டுதுன்னு கழட்டிட்டீங்க. மூணு பேர் வந்து மாட்டிட்டுப் போனாங்க.

சேகர்: நீ மட்டும் என்னவாம்? ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல ஊஞ்சல் கட்டியிருந்தான் பாவம். அதை அவுத்துட்டுத் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்க.

வனஜா: ஈரத்துணியோட பெட்டி கனக்காதா? கடல் விமானத்துல ஆளுக்கு 20 கிலோ பெட்டிதான்.

சேகர்: அந்த 20 கிலோவுக்குள்ள இஸ்திரிப் பெட்டி எதுக்கு?

வனஜா: போட்டோவுல கசங்கின சட்டையோட நின்னா யாரைச் சொல்லுவாங்க? உங்களையா சொல்லுவாங்க?

சேகர்: சரி விடு, பசிக்குது. காலைச் சாப்பாடு பத்து மணி வரைக்கும். என் கடிகாரத்துல ஒன்பதரைதான் ஆகுது.

வனஜா: என் போன்ல ஒன்பது.

சேகர்: ஓ, என்னோடது நம்ம ஊர் நேரம். உன்னது இந்த நாட்டுத் தலைநகர் மாலே நேரத்துக்கு மாறிடுச்சு. அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு!

வனஜா: சாப்பாட்டுக் கூடத்துல பத்து. மூடியிருப்பாங்க.

சேகர்: அதெப்படி?

வனஜா: இந்தத் தீவுக்குன்னு தனி நேரமாம். மாலேயை விட ஒரு மணி நேரம் முன்னாடி. சாயங்கால வெளிச்சம் கூடுதலாக் கிடைக்கணும்னு இங்க பல விடுதிங்க இப்படித்தான் வெச்சிருக்காங்களாம்.

சேகர்: எட்டு நிமிஷ ஊருக்குத் தனி நேரமா? நீங்கல்லாம் சாப்பிட்டாச்சா?

வனஜா: எட்டு மணிக்கே ஆச்சு.

சேகர்: எந்த எட்டு?

வனஜா: சாப்பாடு போடுற எட்டு.

(சேகர் பேச்சில்லாமல் மணலில் உட்காருகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்க்கிறார்.)

சேகர்: இந்த மணல் ஏன் இவ்வளவு வெள்ளைன்னு தெரியுமா? முக்குளிக்கச் சொல்லித்தர பையன் சொன்னான். கிளிமீன்னு ஒண்ணு இருக்காம். பாறையில இருக்கிற பாசிக்காகப் பவளத்தையே கொறிக்குமாம். உள்ள போனதை அரைச்சு…

வனஜா: அரைச்சு?

சேகர்: பின்பக்கமா விட்டுடுமாம். இங்க இருக்கிற மணல்ல பெரும்பங்கு அதுதானாம்.

வனஜா: ஐயய்யோ! நேத்து முகம் பளபளப்பாகும்னு இதைத்தானே தேய்ச்சு விட்டாங்க!

சேகர்: ஆகியிருக்கே.

வனஜா: சிரிக்காதீங்க. முட்டிவலிக்கு நல்லதுன்னு உங்கம்மாவை இடுப்பு வரைக்கும் இதுலதான் ரெண்டு மணி நேரம் புதைச்சு வெச்சீங்க.

சேகர்: (சட்டென்று எழுந்து) அம்மாகிட்ட மூச்சு விடாத.

வனஜா: அவங்களுக்கு வேற கவலை. தண்ணி ஏறினா எந்த மேட்டுல போய் நிக்கறதுன்னு வரவேற்புல விசாரிச்சாங்க. இந்த நாட்டுலயே இயற்கையா இருக்கிற உயரமான மேடு இரண்டரை மீட்டர் கூட இல்லன்னுட்டாங்க.

சேகர்: அம்மா என்ன சொன்னாங்க?

வனஜா: வீட்டுப் பரண்ல ஏறி உக்காந்தா இதைவிட உயரம்னாங்க.

(உள்ளே பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். வனஜா மூடியைத் திறந்து அலறுகிறாள்.)

வனஜா: என்னங்க! சங்கு நடக்குது!

சேகர்: நம்ம பொடியன் வேலை. மணல், பவளம், சங்கு எதையும் இந்த நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. நகரு, அது துறவி நண்டு.

வனஜா: துறவியா?

சேகர்: பேருதான் துறவி. போற இடத்துக்கெல்லாம் வீட்டை முதுகுல தூக்கிட்டே போகும்.

வனஜா: என்னைச் சொல்றீங்களா?

சேகர்: சேச்சே. அதுகிட்ட இஸ்திரிப் பெட்டி கிடையாது.

(நண்டைத் தண்ணீர் ஓரமாக விட்டுவிட்டு வருகிறார்.)

வனஜா: நாளைக்கு விமானம் எத்தனை மணிக்கு?

சேகர்: பத்துக்கு.

வனஜா: எந்தப் பத்து?

சேகர்: (யோசித்து) எதுக்கும் அம்மாவை மட்டும் சீக்கிரமாக் கிளம்பச் சொல்லிடு.

வனஜா: அவங்க இப்பவே படகுத்துறையில பெட்டியோட உக்காந்திருக்காங்க.

சேகர்: ஒரு நாள் முன்னாடியேவா! இரு, நான் போய்க் கூட்டிட்டு வரேன்.

வனஜா: அந்தப் பக்கம் எங்க போறீங்க? படகுத்துறை இந்தப் பக்கம்.

சேகர்: எந்தப் பக்கம் போனாலும் அங்கதான் போகும்.