மளிகைச் சீட்டாம்!

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த ஜூம் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். அதனால் கதையைத் திரும்ப விரிக்கவில்லை. கோபத்தோடு எழுதாதே என்று வீட்டில் சொன்னதால் மூன்று நாள் சும்மா இருந்தேன். இப்போது கோபம் போய்விட்டது. (போகவில்லை.) பேச்சாளர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"விட்மன் கடிதத்துல என்னங்க இருக்கு? சட்டை, வாடகை, சளி, சாப்பாடு. மளிகைச் சீட்டு. கவிதையைப் படிங்க மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். திரை முழுக்கச் சிரிப்பு இமோஜி பறந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் வால்ட் விட்மன் தன் நெருங்கிய நண்பர் பீட்டர் டாயிலுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் முதல் பகுதியைத் தமிழில் இங்கே போட்டிருந்தேன். அதற்கு லைக் போட்டவர்களில் அந்தப் பேச்சாளரும் ஒருவர். தற்செயலாக இருக்கும். இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அது மளிகைச் சீட்டு இல்லை. விட்மனின் கவிதையில் வருகிற ஊர், அந்தச் சட்டையும் வாடகையும் சளியும் இருக்கிற ஊர்தான். கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கவிதையை மட்டும் வைத்துக்கொண்டால் 'ஜனநாயகம்', 'பிரபஞ்சம்', 'மானுடம்' என்று மேடையில் முழங்க வசதியாக இருக்கும். ஆள் இருக்க மாட்டார்.

பேச்சாளர் பேச்சை ஆரம்பிக்கும்போது பாரதி விட்மனைப் பாராட்டியதைச் சொன்னார். எதுகை, மோனை, தளை இல்லாத வசனம் போன்ற கவிதை என்று பாரதி எழுதியதையும் சொன்னார். நல்லது. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பு என்ன என்று சொல்லவில்லை. தலைப்பு 'நகரம்'. தலைப்பையாவது படித்திருக்கலாம்.

விட்மன் நகரத்து ஆள். லாங் ஐலண்ட் கிராமத்தில் 1819ல் பிறந்தார், நாலு வயது ஆவதற்குள் குடும்பம் புரூக்ளினுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் 11 வயதோடு சரி. அப்புறம் ஆபீஸ் பையன், அச்சுக்கோக்கிற வேலை, பத்திரிகை வேலை. 1855ல் அவருடைய கவிதைத் தொகுப்பு 'புல்லின் இதழ்கள்' முதல் பதிப்பு 795 பிரதி, அவர் சொந்தச் செலவு. புரூக்ளினில் தெரிந்தவர்களின் சின்ன அச்சகத்தில் சில பக்கங்களுக்கு அவரே எழுத்துக் கோத்தார். தலைப்புப் பக்கத்தில் பெயர்கூட இல்லை. எதிர்ப் பக்கத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்கிற ஒரு படம். இதையா மலையடிவாரத்துக் கவிஞர், இயற்கை ரிஷி என்கிறீர்கள்? 'புல்' என்று வந்தால் உடனே ஆட்டு மந்தை ஞாபகம் வந்துவிடுகிறது நமக்கு.

அவர் தினமும் பார்த்தது ஃபுல்டன் படகுத்துறை. புரூக்ளினிலிருந்து மன்ஹாட்டனுக்கு அப்போது பாலம் கிடையாது, பாலம் திறந்தது 1883ல்தான். படகில் ஏறினால் பயணிகளோடு உட்காராமல் மேலே சுக்கான் பிடிக்கிறவரின் அறைக்குப் போய்விடுவார். கரை இறங்கினால் பிராட்வே ஆம்னிபஸ். நம் ஊர் ஆம்னி பஸ் இல்லை, குதிரை இழுக்கிற வண்டி. அதிலும் உள்ளே உட்கார மாட்டார், ஓட்டுநருக்குப் பக்கத்தில்தான். அந்த இரைச்சலில் ஜூலியஸ் சீசர் வசனத்தைத் தொண்டை கிழியக் கத்துவாராம். எவ்வளவு கத்தினாலும் தெரு அதை விழுங்கிவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்த ஓட்டுநர்களின் பட்டப்பெயர்களையும் 1882ல் வந்த உரைநடை நூலில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். பிராட்வே ஜாக், தையல்காரன், சண்டி பில், மஞ்சள் ஜோ, கிழட்டு யானை, அவன் தம்பி குட்டி யானை. பிறகு சொல்கிறார்: விமர்சகர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஆனால் 'புல்லின் இதழ்கள்' கருவானதில் அந்த ஆம்னிபஸ் சவாரிக்கும் அந்த ஓட்டுநர்களுக்கும் சந்தேகமில்லாமல் பங்கு உண்டு.

விமர்சகர்கள் சிரிப்பார்கள் என்று அவரே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இமோஜி பறந்தபோது இந்த இடம்தான் ஞாபகம் வந்தது. மைக்கை அன்மியூட் செய்து சொல்லியிருக்கலாம். கை வரவில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். 1868 அக்டோபர் 9. வாஷிங்டனில் குமாஸ்தா வேலை பார்க்கிற விட்மன் லீவில் நியூயார்க் வந்திருக்கிறார். வாஷிங்டனில் குதிரை டிராமில் கண்டக்டராக இருக்கிற டாயிலுக்கு எழுதுகிறார். பிற்பகலில் ஒரு இரண்டு மணி நேரம் பிராட்வே வண்டியில் போவதுபோல ஒரு பொழுதுபோக்கு, ஒரு படிப்பு, தனக்கு வேறில்லை என்கிறார். கடைகள், பெரிய கட்டடங்கள், கண்ணாடி ஜன்னல்கள், நடைபாதையில் நன்றாக உடுத்தி நடக்கிற பெண்கள் என்று வாக்கியம் முடியாமல் நீண்டுகொண்டே போகிறது. ஓட்டுநர்கள் ஏறக்குறைய எல்லாருமே தன் நண்பர்கள் என்கிறார். இதை வரி வரியாக உடைத்து அடுக்குங்கள். கவிதைத் தொகுப்பில் வைத்தால் உங்களில் யாராவது கண்டுபிடிப்பீர்களா? நான் கண்டுபிடிக்க மாட்டேன். கவிதை எழுதுகிற அதே மூச்சில்தான் கடிதமும் எழுதியிருக்கிறார்.

சரி, "அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது அநாகரிகம்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்தார். நாகரிகம் பற்றி விட்மனிடமே கேட்டிருக்கலாம். 1855 ஜூலையில், அப்போதே பெரிய பெயர் பெற்றிருந்த எழுத்தாளர் எமர்சன் அவருக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பாராட்டுக் கடிதம் போட்டார். இவர் என்ன செய்தார்? எமர்சனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அது அக்டோபரில் 'நியூயார்க் டிரிபியூன்' பத்திரிகையில் அச்சாக விட்டார். 1856 பதிப்பின் முதுகிலேயே எமர்சனின் வரியைத் தங்க எழுத்தில் போட்டார். இன்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர்களுக்கெல்லாம் பாட்டனார். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் டாயில் கடிதங்கள் அப்படித் திருட்டுத்தனமாக வெளிவந்தவை இல்லை. டாயில் தானே கொடுத்து, விட்மன் இறந்து 5 வருஷம் கழித்து 1897ல் புத்தகமாக வந்தவை. ஆகவே கதவிடுக்கில் எட்டிப் பார்த்த பாவம் எனக்கு வேண்டாம்.

"அவர்கள் இருவரும் காதலர்களா?" இது இன்னொருவர். ஜான் சைமண்ட்ஸ் என்கிற ஆங்கிலேயர் இதே மாதிரி ஒரு சந்தேகத்தை ஏறக்குறைய 20 வருஷம் விட்மனிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டார். கடைசியில் 1890ல், தனக்கு ஆறு பிள்ளைகள் உண்டு என்று கிழவர் ஒரு போடு போட்டு வாயை அடைத்தார். அந்த ஆறு பேரில் ஒருவரைக்கூட இதுவரை யாரும் பார்த்ததில்லை. காதல் என்றுதான் நான் படிக்கிறேன். உங்களுக்கு வேறு மாதிரி படிக்கத் தோன்றினால் படியுங்கள், அதற்காகவாவது கடிதத்தைப் படித்தாக வேண்டும் அல்லவா?

மூன்றாவது ஆட்சேபம் ஒன்று வந்தது. அதுதான் எனக்குக் கஷ்டம். 1868 ஜூனில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், வாஷிங்டன் தெருவில் ஊர்வலம் போன கறுப்பின மக்களை அவிழ்த்துவிட்ட விலங்குகளோடு ஒப்பிட்டிருக்கிறார். ஆமாம், எழுதியிருக்கிறார். அடிமைச் சந்தையில் ஏலம் போகிற உடலைப் பற்றி அப்படி ஒரு கவிதை எழுதிய அதே கை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. கவிதையை மட்டும் படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திரும்ப மளிகைச் சீட்டுக்கு வருகிறேன்.

1862 டிசம்பர், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிற நேரம். தம்பி ஜார்ஜ் பெயர் காயம்பட்டவர் பட்டியலில் வந்ததைப் பார்த்து விட்மன் ஓடுகிறார். பிலடெல்பியாவில் ரயில் மாறும்போது பிக்பாக்கெட். கையில் ஒரு காசில்லாமல் வாஷிங்டனில் இறங்கி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடுகிறார். கடைசியில் போர்முனை முகாமில் பார்த்தால் தம்பிக்குக் கன்னத்தில் காயம் மட்டும்தான். ஆனால் முகாம் ஆஸ்பத்திரி வாசலில், மரத்தடியில், வெட்டி எறிந்த கை கால்கள் குவிந்து கிடக்கின்றன. அதன் பிறகு ஊர் திரும்பவில்லை, வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். 600 தடவைக்கு மேல் ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போனதாக அவரே கணக்கு வைத்திருக்கிறார். கையில் பழம், புகையிலை, காகிதம், தபால்தலை. ஒரு வெயில் நாளில் ஒரு ஆஸ்பத்திரி முழுக்க ஐஸ்கிரீம்.

எழுத முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 2016ல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு கடிதம் கிடைத்தது. 1866 ஜனவரியில் ராபர்ட் ஜேபோ என்ற சிப்பாய்க்காக அவர் மனைவிக்கு எழுதியது. உடம்பு சரியில்லை, வர முடியவில்லை, உங்களையெல்லாம் பார்க்க ஆசையாக இருக்கிறது, இவ்வளவுதான் விஷயம். அடியில் 'எழுதியது வால்ட் விட்மன், ஒரு நண்பன்'. 150 வருஷம் அது எங்கே இருந்தது தெரியுமா? விதவைப் பென்ஷன் கோப்பில். மளிகைச் சீட்டு என்று எவனாவது கிழித்துப் போடாமல் இருந்தானே, அந்த குமாஸ்தா புண்ணியவான்.

டைபாய்டில் செத்துப்போன எராஸ்டஸ் ஹாஸ்கல் என்ற பையனின் பெற்றோருக்கு 1863 ஆகஸ்டில் எழுதியது இன்னொன்று. அவனுடைய குழல் கட்டில் பக்கத்தில் சின்ன மேஜைமேல் இருந்ததாம். குணமானதும் ஒரு பாட்டு வாசித்துக் காட்டுகிறேன் என்றானாம், உடனே "ஆனால் எனக்கு இன்னும் அவ்வளவாக வாசிக்க வராது" என்றானாம். இதை அந்த அம்மாவுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது பாருங்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

விட்மனின் அம்மா லூயிசா எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, எழுத்துப்பிழை நிறைய. வீடு போதவில்லை, வாடகை, முட்டிவலி, மருமகள் மேல் குறை. 1873ல் சாகும் தறுவாயில் எழுதிய கடைசிச் சீட்டு, போய் வருகிறேன் பிள்ளைகளே, எனக்காக அழவேண்டாம் என்று போய், என் பிரிய வால்டர் போய் வருகிறேன் என்று முடிகிறது. அதிலும் புள்ளி ஒழுங்காக இல்லை. இலக்கியத் தரம் போதுமா மேடைக்காரர்களே?

உண்மையில் எனக்கு உறைத்தது பேச்சாளர் சொன்னது இல்லை. கூட்டம் முடிந்த பிறகு சாட் பெட்டியில் ஒரு பெரியவர் போட்டது. "கண்டக்டருக்கு எழுதினதுல வேற என்ன இருக்கும்?"

என் அப்பா கண்டக்டர். இங்கே பலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. 31 வருஷம். இடது கை விரலிடுக்கில் டிக்கெட் கட்டும் மடித்த நோட்டுமாக நின்று நின்று, ரிடையர் ஆன பிறகும் அந்தக் கை சும்மா இருக்கும்போது அதே மாதிரிதான் விரிந்திருக்கும். நான் ஹாஸ்டலில் இருந்தபோது மாதம் இரண்டு இன்லேண்ட் லெட்டர் வரும். கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் உட்கார்ந்து, இன்வாய்ஸ் எழுதுகிற அதே பேனாவில் எழுதுவார். 'மணியார்டர் 150 அனுப்பியுள்ளேன். நேற்று 2 ரூபாய் ஷார்ட். அம்மாவுக்குக் கால் தேவலை. இங்கு மழை இல்லை. தலைக்கு எண்ணெய் வை.' இவ்வளவுதான். ஒருமுறை என் அறைத்தோழி அதை வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டு, "உங்கப்பா டிக்கெட் கிழிக்கிற மாதிரியே எழுதறாருடி" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். கூட நாலு பேர் இருந்தார்கள், சிரிக்காமல் எப்படி இருப்பது?

அந்த இன்லேண்ட் லெட்டர்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

டாயில் வைத்திருந்தார். கடிதங்களை மட்டும் இல்லை, விட்மனின் பழைய மேல்கோட்டையும். புயலும் குளிருமான ஒரு ராத்திரி, டிராமில் வேறு பயணியே இல்லை, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் கேப்டன் மாதிரி ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் என்னோடயே திரும்ப வந்தார் என்று டாயில் சொல்லியிருக்கிறார். விட்மன் இறந்து மூன்று வருஷம் கழித்துத் தன்னைப் பார்க்க வந்தவர்களிடம், எப்போதாவது அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு படுத்தால் பழைய நாள் திரும்பிவிடும், அவர் பக்கத்தில் இருப்பார் என்றார். கண்டக்டர்தான் சொன்னார். நீங்கள் கேட்ட 'வேற என்ன' இதுதான் ஐயா.

சரி, விட்டுவிடுகிறேன். அக்டோபர் கடிதத்தின் மீதியை வெள்ளிக்கிழமை போடுகிறேன். வேண்டாதவர்கள் அன்ஃபாலோ செய்துகொள்ளலாம். லைக் மட்டும் போட்டுவிட்டு வேறு இடத்தில் போய்ச் சிரிக்க வேண்டாம்.