மண்புழு மேலே வருவது பெருகியதால் அல்ல

"அரிசி ஆலைக் கழிவுநீரை அப்படியே தோட்டத்துக்கு விடுங்கள், மண்புழு பெருகும்" என்று யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. ஈர மண்ணில் புழுக்கள் நெளிகின்றன, சரி. ஆனால் அது பெருக்கத்துக்கு அடையாளம் அல்ல. மண்புழு தோலால் சுவாசிக்கிறது. நெல் அவித்த நீரிலுள்ள மாப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது மண்ணில் ஒட்சிசன் குறையும். புழு தப்பி மேலே வரும். தாக்குப்பிடிக்கும் ஓரிரு இனங்கள் பெருகினாலும் மற்றவை அழியலாம். சுத்திகரித்து, அளவோடு பாய்ச்சுவது வேறு விஷயம். நம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஊற்றுவது கிணற்றுக்கும் இறங்கும்.

நீர் விட்ட பாத்தியிலும் விடாத பாத்தியிலும் ஒரே அளவு குழி வெட்டி, எத்தனை வகை உயிர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்கலாம். தயவுசெய்து அந்தக் காணொளியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.