விடுதிக்குப் போகும் பெட்டி

மே மாதம் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பையனை ஆறாவதுக்கு ஹாஸ்டல்ல சேர்க்கிறோம். ஸ்கூல்ல ரெண்டு பக்கத்துக்கு லிஸ்ட் கொடுத்திருக்காங்க. எங்க வாங்கினா சல்லிசா இருக்கும்?" நாமக்கல் பக்கம் ஒரு விடுதியில் காப்பாளராக வேலை பார்த்தவள் என்பதால் இந்த மரியாதை. எங்கே வாங்குவது என்பதற்குப் பதில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பனியன், ஜட்டிக்குத் திருப்பூர் காதர்பேட்டை. போர்வைக்குச் சென்னிமலை. கீழே விரிக்கப் பவானி ஜமுக்காளம். துண்டு வகையறா எல்லாம் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் அள்ளிக்கொள்ளலாம். அதற்குமேல் நான் பேச ஆரம்பித்தால்தான் எதிர்முனையில் சலிப்பு தட்டும். சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கட்டும்.

என் கட்சி இதுதான். விடுதிக்குப் போகும் பெட்டியை, வாங்கித் தருகிறவரின் ஆசைக்குக் கட்டக் கூடாது. துவைத்து, காயப்போட்டு, மடித்து, காணாமல் போனால் தேடப்போகிற பிள்ளைக்கு எது முடியுமோ அதைத்தான் கட்ட வேண்டும். வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட அலசிப் பழகாத பிள்ளை அது. அதன் தலையில் 60, 70 உருப்படியை ஏற்றிவிட்டு, "பத்திரமா பாத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டு நாம் காரில் ஏறிவிடுகிறோம். பிள்ளையைப் பிரிகிற வருத்தத்தை எல்லாம் துணிக்கடையில் கொட்டித் தீர்க்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

துண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமான டர்க்கி டவல் இரண்டு வாங்கி வைக்காத வீடு குறைவு. பத்து வயதுக் கை அதை முறுக்கிப் பிழியாது. பிழியாத டவல் ஐப்பசி மழையில் காயாது. காயாதது மூன்றாம் நாள் நாறும். நாறினால் நம் பிள்ளை பக்கத்துக் கட்டில்காரன் துண்டில் துடைத்துக்கொள்ளும். சொறி சிரங்கு விடுதிக்குள் சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு வழி. சாதாரண ஈரிழைத் துண்டு நான்கு கொடுங்கள். ஒரு கையால் பிழியலாம், ஜன்னல் கம்பியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். விலையும் டர்க்கியில் பாதிகூட வராது. போர்வைக்கும் இதே கணக்குதான். பூப்போட்ட மெத்துமெத்தென்ற கம்பளியைப் பிள்ளையால் துவைக்கவே முடியாது. மெல்லிய பருத்திப் போர்வை ஒன்று, அதோடு அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று. புடவை எந்தப் பள்ளி லிஸ்ட்டிலும் இருக்காது. ஆனால் சமவெளி ஊர்களில் அதைவிட நல்ல போர்வை கிடையாது.

எண்ணிக்கை விஷயத்தில் பலர் குத்துமதிப்பாகப் போகிறார்கள். முதலில் பள்ளியில் கேட்க வேண்டியது, துணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளுக்கப் போகிறது, எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று. வாரம் ஒருமுறை போய் மூன்றாம் நாள் வருகிறது என்றால் பத்து நாளைக்குத் தாங்க வேண்டும். சீருடை மூன்று செட் இருந்தால் ஒன்றை இரண்டு நாள் போட்டுச் சமாளிக்கலாம். உள்ளாடையையும் சாக்ஸையும் அப்படிப் போடக் கூடாது. பெரும்பாலான விடுதிகளில் உள்ளாடையை வெளுக்க எடுக்கவும் மாட்டார்கள், பிள்ளைதான் துவைக்க வேண்டும். அதனால் உள்ளாடை எட்டு, பத்து, சாக்ஸ் ஆறு ஜோடி என்று அங்கே தாராளமாக இருங்கள். வெளிச் சட்டையில் கையை இழுத்துப் பிடியுங்கள். பத்துப் பன்னிரண்டு டி-சர்ட் கொண்டுவந்த பிள்ளைகள் மேலே இருக்கிற மூன்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, மீதியைப் பெட்டியின் அடியிலேயே வைத்திருந்து ஊருக்குத் திரும்ப எடுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெயர். ஒரே நிறச் சீருடை, ஒரே வெள்ளைச் சாக்ஸ், நூற்றுக்கணக்கில். அந்தக் காலத்தில் வெளுக்கிறவர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியில் குறி போடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் அது போகாது. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும் என்பதால் வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள். இப்போது எல்லாரும் மார்க்கர் பேனாவால் எழுதி அனுப்புகிறார்கள். சலவைக்கல்லில் நாலு அடி வாங்கினால் எழுத்து மங்க ஆரம்பித்துவிடும். நூலால் தைத்த எண்தான் நிற்கும். காலருக்கு உள்ளே, இடுப்புப் பட்டிக்கு உள்ளே, சிவப்பு நூலில் விடுதி எண்ணை மட்டும் தைத்துவிடுங்கள். சாக்ஸுக்கு அதுகூட வேண்டாம், மேல் விளிம்பில் பச்சை நூலில் நாலு தையல் போதும். ரப்பர் செருப்புக்குப் பிள்ளைகளே வழி வைத்திருப்பார்கள், வாரில் பிளேடால் ஒரு வெட்டு.

அளவு. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு முடிவதற்குள் பிள்ளை எந்த மாதத்தில் நெடுநெடுவென்று வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகமாக வளரும் வருடத்தில் 8, 9 சென்டிமீட்டர்கூடப் போகும். பெண் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், பையன்கள் ஓரிரு வருடம் கழித்து. உயரத்துக்கும் முன்னால் பாதம் வளர்ந்துவிடும். ஆகவே ஷூவை மட்டும் வருடத்துக்கு என்று வாங்காதீர்கள். கட்டைவிரல் அகலம் முன்னால் இடம் விட்டு வாங்குங்கள், அதற்குமேல் பெரிதாக வாங்கினால் குதிகால் உரசிப் புண்ணாகும். சீருடையைத் தைக்கக் கொடுப்பதாக இருந்தால் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள், கால் மடிப்பில் இரண்டு அங்குலமாவது உள்ளே விடச் சொல்லுங்கள். ரெடிமேடில் இந்த மடிப்பு இருப்பதில்லை. பள்ளியே தைத்த உடையை விற்கிறது, வெளியில் வாங்கக் கூடாது என்கிறது என்றால் அங்கே நமக்குப் பேச்சில்லை. பள்ளி வளாகத்துக்குள் சீருடை, ஷூ விற்கிற வேலை வேண்டாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே தன் பள்ளிகளுக்குச் சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இன்றும் கவுண்டரில் வரிசை நிற்கிறது. சட்டைக்குள் மடிப்பும் இல்லை, பில்லும் இல்லை. எரிச்சலைக் கிளப்பாமல் மேலே போகிறேன்.

பெட்டி என்றால் டிரங்குப் பெட்டிதான். டிராலி பேக் பார்க்க அழகு, முதல் வருடமே ஜிப் வாயைப் பிளக்கும், எலியும் கடிக்கும். தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும், மேலே உட்கார்ந்து படிக்கலாம். வாங்குவதற்கு முன் கட்டிலின் உயரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கும். ஒன்றைக் காப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள், இன்னொன்று பிள்ளையிடம். எங்கள் பையன்கள் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார்கள், அதைவிடப் பத்திரமான இடம் இதுவரை நான் பார்க்கவில்லை. எண் பூட்டு வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அந்த எண் அறை முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் என்று மலைப்பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போதே தென்மேற்குப் பருவமழை, துணி நாள்கணக்கில் காயாது. அங்கே எல்லாமே ஒன்றரை மடங்கு வேண்டும், குறிப்பாகச் சாக்ஸ். கம்பளியும் அங்கே உண்மையாகவே தேவை. இன்னொரு சின்ன விஷயம், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொடுத்தனுப்பினால் பிள்ளை அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அகல வாய் டப்பாவில் கொடுங்கள், விரலால் எடுத்துத் தேய்த்துக்கொள்ளும்.

லிஸ்ட்டில் எழுதாத இரண்டு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெண் பிள்ளை இன்னும் பெரியவளாகவில்லை என்றாலும் நாப்கின், கூடுதல் உள்ளாடை, பழைய செய்தித்தாள், ஒரு சின்ன ஜிப் பை எல்லாம் பெட்டியில் இருக்கட்டும். எப்படி வைப்பது, எங்கே போடுவது, யாரிடம் சொல்வது என்று வீட்டிலேயே காட்டிக்கொடுத்து அனுப்புங்கள். அது முதல்முறையாக நடப்பது விடுதியில், ஒரு கணக்குப் பரீட்சை காலையில் என்றுகூட இருக்கலாம். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் அத்தையோ சித்தியோ சொல்லட்டும், யாராவது சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று படுக்கையை நனைப்பது. பத்து வயதிலும் நூற்றில் நாலைந்து பிள்ளைகளுக்கு அது இருக்கும், புது இடம் என்றால் நின்றுபோனதுகூடத் திரும்ப வரும். பெற்றோர் இதைச் சொல்லாமல் மறைப்பார்கள், எங்களுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்குள் அறைத்தோழர்கள் பட்டப்பெயர் வைத்து முடித்திருப்பார்கள். சேர்க்கிற அன்றே காப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒரு ரப்பர் ஷீட்டும் கூடுதலாக இரண்டு விரிப்பும் கொடுங்கள். ராத்திரி எழுப்பிவிடுவது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை.

அரசு விடுதிகளில், மலை ஊர்களின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் சேரும் பிள்ளைகள் ஒரு துணிப்பையோடு வந்து இறங்குவார்கள். பாயும் போர்வையும் அங்கே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பையில் இருப்பதை அவர்கள் துவைத்து உடுத்திக்கொள்கிற சுத்தத்தைப் பார்த்தால், இரண்டு பக்க லிஸ்ட்டின் மேல் எனக்கு இருக்கும் கோபம் புரியும். வசதியே தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் இன்னும் நாலு உருப்படி கூடுதலாக வேண்டும்தான்.

கடைக்குப் போவதற்கு முன் மே மாதம் முழுக்கப் பிள்ளை தன் உள்ளாடையையும் சாக்ஸையும் குளிக்கும்போதே துவைக்கட்டும். ஷூ லேஸ் கட்டத் தெரிகிறதா என்று பாருங்கள். வெல்க்ரோ ஷூவிலேயே வளர்ந்து, ஆறாம் வகுப்பில் லேஸ் கட்டத் தெரியாமல் முழிக்கிற பிள்ளைகள் நிறைய. வாங்கிய புதுத்துணியை எல்லாம் இரண்டு தரம் துவைத்து உடுத்திப் பழகிய பிறகே பெட்டியில் வையுங்கள். புது எலாஸ்டிக் இடுப்பை இறுக்குகிறது என்று அங்கே போய்ச் சொல்லத் தெரியாது, பேசாமல் இருந்துவிடும்.

லிஸ்ட் முழுவதையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். காலாண்டு விடுமுறைக்கு வரும்போது பெட்டியையே கொண்டுவரச் சொல்லுங்கள். எது சிறிதாகிவிட்டது, எதைத் தொடவே இல்லை என்று அப்போது தெரியும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சொறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டாக்டர் தருகிற மருந்தை வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள், துணிகளை வெந்நீரில் துவையுங்கள். நாலு ஜட்டியும் ஒரு துண்டும் கட்டாயம் காணாமல் போயிருக்கும். அதற்குத் திட்டினால் அடுத்த முறை எது தொலைந்தாலும் உங்களிடம் வராது, இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளும்.